பல் டாக்டரின் தலை

தன் கைக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் என்று ஐந்து பேரின் தலைகளைக் களிமண்ணில் செய்து சுட்டு, கண்காட்சி வைக்கத் தீர்மானித்தாள் அந்தச் சிற்பி. நான்கு பேர் பெரிய கலைஞர்கள். அவர்களின் வேலைகளைப் புத்தகப் படங்களில் பார்த்தே கற்றுக்கொண்டவள் அவள். நால்வரும் காலமாகிவிட்டதால் தொந்தரவில்லை. ஐந்தாவது ஆள், பல் டாக்டர். அவர் உயிரோடுதான் இருந்தார்.

சிற்பியாவதற்கு முன் எட்டு வருடம் அவரிடம் பல்செட் செய்தாள். மயிரிழை பிசகினாலும் டாக்டர் திட்டமாட்டார். பேசாமல் அந்தப் பல்செட்டை டப்பாவோடு அவள் மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் போவார்.

கண்காட்சிப் பொறுப்பாளருக்கு இது உறுத்தியது. "நாலு மேதைங்க பக்கத்துல பல் டாக்டரா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா பல்லு தெரியும். அவருக்குப் பிடிக்கும்."

டாக்டர் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"வாயைத் திறந்தே வைங்க டாக்டர். பேசாதீங்க."

நாற்பது வருடமாக ஊராரிடம் அவர் சொல்லிவந்தது அது. தாடை வலிக்கிறது என்று ஜாடை காட்டினார். "இதோ, முடிஞ்சிடுச்சு" என்றாள். முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

மண் சற்று இறுகியதும் உச்சந்தலையைக் கம்பியால் அறுத்து, உள்ளிருந்ததை வழித்தெடுத்தாள்.

"என் தலைக்குள்ள ஒண்ணுமே வைக்கமாட்டியா?"

"வெச்சா சூளையில வெடிச்சிடும் டாக்டர்."

"மத்த நாலு பேருக்கு?"

"அவங்களுக்கும் காலிதான்."

அவர் சமாதானமானார்.

திறப்பு நாளன்று டாக்டரின் மனைவி தலையை இரண்டு முறை சுற்றிவந்து, "அவரேதான். பேசாம இருக்காரு, அது மட்டும்தான் ஒட்டல" என்றார். டாக்டரோ சட்டைப் பையிலிருந்து பல் நிறம் பார்க்கும் அட்டையை எடுத்து, அத்தனை விருந்தாளிகள் முன்னிலையில் சிலையின் வாயருகே பிடித்தார்.

"ரெண்டு நம்பர் வெள்ளை ஜாஸ்தி."

"அழகா இருக்கட்டும்னுதான்..."

"அறுபத்தேழு வயசுல இந்த வெள்ளை வராது. பொய்ப் பல்லுன்னு நினைச்சுக்குவாங்க."

அவளுக்கு முகம் சிவந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் காரணம்.

மறுநாள் தலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "யாரும் கவனிக்க மாட்டாங்க, விடுங்க" என்றார் பொறுப்பாளர்.

"அவர் கவனிச்சிட்டாரே."

பற்களுக்கு மட்டும் லேசான மஞ்சள் மெருகு பூசி மறுபடி சுட்டாள். பல் தேறியது. ஆனால் நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு விரிசல் ஓடிவிட்டது. வேறு வழியில்லாமல் அப்படியே கொண்டுபோய் வைத்தாள்.

நாலாம் நாள் மதிய இடைவேளையில் டாக்டர் வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பல் வரிசையில் விரலை ஓட்டினார்.

"பல்லு சரியா இருக்கு."

எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் நெற்றியைக் காட்டி, "தலையில விரிசல் விட்டிருக்கு டாக்டர்" என்றாள்.

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல" என்று சொல்லிவிட்டு, கிளினிக்குக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார்.

அன்று சாயங்காலம்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. வந்தவர்களையெல்லாம் மேதைகளைத் தாண்டி, நேரே ஐந்தாவது தலையிடம் கூட்டிப்போனாள்.