மஞ்சள் தெளித்த பீப்பாய்கள்

ஹுப்பள்ளியில் ஒரு பெயிண்ட் கம்பெனி. அதன் பரிசோதனைக் கூடம் சுவர்ணாவின் ராஜ்ஜியம். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தச் சரக்கும் கிடங்கைத் தாண்டாது. அன்று வந்த துத்தநாகப் பொடி வேறு யாருடையதும் அல்ல, அவள் கணவனின் அண்ணன் ஈரண்ணாவுடையது. சொந்தமாகத் தொழில் தொடங்கி அவர் அனுப்பிய முதல் லோடு. இது திரும்பினால் அவர் மறுபடியும் தன் மாமனாரின் மிளகாய் மண்டியில் கைகட்டி நிற்க வேண்டும். அந்த மாமனாரின் வாய் மிளகாயைவிடக் காரம்.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. பிளாஸ்கில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, பொடியை நிறுத்துப் போட்டுக் கலக்கினால் சூடு கிளம்பும். உலோகம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் சூடு. துருவேறிய பகுதி தராசில் எடை காட்டுமே தவிர வெப்பமானியை அசைக்காது. நல்ல பொடிக்குப் பதினாறு டிகிரி ஏற வேண்டும். இது பத்தோடு நின்றுவிட்டது.

"இன்னொரு தரம் பாரும்மா," என்றார் சரக்குடனேயே வந்திருந்த ஈரண்ணா.

"பாத்தாச்சு பாவா. எந்தப் பீப்பாயில எடுத்தாலும் இதேதான்."

"சூடு வெளியில ஓடுதோ என்னமோ." தோளில் கிடந்த துண்டை எடுத்து, கைக்குழந்தைக்குச் சுற்றுவதுபோல் பிளாஸ்கைச் சுற்றினார். தடுக்க மனம் வராமல் அவள் மறுபடி செய்தாள். பத்தேதான்.

"நம்ம வீட்டு ஆளுன்னு கொஞ்சம்..." என்று தொடங்கியவர் தானே நிறுத்திக்கொண்டார். "வேணாம், விடு. கேக்கக் கூடாது."

கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். கேட்காமல் விட்டதுதான் அவளைச் சும்மா இருக்க விடவில்லை. பொடியைக் காகிதத்தில் பரப்பினாள். கட்டி கட்டியாக இருந்தது.

"பாவா, ஜிங்க்குல மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் முகம் மாறியது. "அமாவாசைப் பூஜைக்கு மூடியத் திறந்து வச்சேன். எல்லம்மா கோயில் மஞ்சளைக் கரைச்சு அவ்வாதான் அவங்க கையால தெளிச்சாங்க." அவ்வா என்றால் அவருடைய அம்மா, சுவர்ணாவின் மாமியார்.

"தண்ணியிலயா கரைச்சாங்க?"

"பின்ன, மோர்லயா கரைப்பாங்க?"

"எல்லாப் பீப்பாயிலயும் தெளிச்சாங்களா?"

"முன்வரிசை மட்டும்தான். அதுக்குள்ள அவ்வாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு."

ஈரம் பட்டால் துத்தநாகம் துருவேறும். கைக்கு எட்டும் முன்வரிசையிலிருந்துதான் அவளும் பொடி எடுத்திருந்தாள். கிடங்குக்கு ஓடி, பின்வரிசையில் மூடி திறக்காத பீப்பாய்களிலிருந்து எடுத்து வந்தாள். இந்த முறை வெப்பமானி பத்தில் நிற்கவில்லை. பன்னிரண்டு, பதினான்கு என்று ஏறிப் பதினாறைத் தொட்டது. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் அதே பதினாறு. ஈரண்ணா துண்டால் நெற்றியைத் துடைத்தார், பிறகு கண்களையும்.

முன்வரிசையை மட்டும் திருப்பி அனுப்பி, மற்றதற்கெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"அவ்வாகிட்ட சொல்லிடாதேம்மா," என்றார் அவர். "மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க."

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியார் பிடித்துக்கொண்டார். முதுகில் தைல வாடை, முகம் கொள்ளாத பெருமை.

"சரக்கு பாஸாமே. நான் தெளிச்ச தீர்த்தம் வீண் போகுமா? அடுத்த லோடுக்கு ஒரு பீப்பாய் விடாம தெளிச்சுடணும்."

ஈரண்ணா தட்டிலிருந்த சோள ரொட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். சுவர்ணா அவ்வாவின் ரொட்டியில் வெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள்.

"உங்க முதுகு தாங்காது அவ்வா. அடுத்த தரம் மூடி மேல பூ வச்சாப் போதும்."