பிளேக் கொட்டகையின் பதிவேடு

ஹனூரிலிருந்து இறையியல் படிக்க மைசூர் வந்த எசேக்கியேலுக்கு வாதாடுவதில் தனி ருசி. "நம்ம விசுவாசம் கட்டுக்கதை மேல நிக்கலை, கண்ணால கண்டவங்க சாட்சி மேல நிக்குது" என்று வகுப்பில் எழுந்து பேசினால், கேலி செய்ய வந்தவர்களும் அடங்கிப்போவார்கள். சபை வரலாற்றிலும் அவன்தான் முதல். அதனால் 1998-இல், மண்டி மொஹல்லாவின் பின்சந்திலிருந்த சின்னத் தமிழ்ச் சபை தன் நூற்றாண்டு மலரை எழுத அவனை அழைத்தது.

சபையைத் தொடங்கியவர் உபதேசியார் ஞானாபரணம். பிளேக் வந்த வருஷம், ஊரே ஒதுக்கிய நோயாளிகளோடு கொட்டகையில் தங்கி, பதினொரு பேரின் கண்ணை மூடி அடக்கம் செய்தவர் என்பது சபைக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை.

"மலருக்கு வேண்டியதெல்லாம் மேஜை மேல இருக்கு, தம்பி" என்றார் செயலாளர் ஏசுவடியான், ஞானாபரணத்தின் பேரன். "அந்த பீரோவை மட்டும் தொடாதீங்க. கரையான்."

வியாழன் மத்தியானம் எசேக்கியேல் பீரோவைத் திறந்தான். கரையான் இல்லை. சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றிய அடக்கப் பதிவேடு ஒன்றுதான் இருந்தது. பதினொரு பெயர்களுக்குக் கீழே உபதேசியாரின் கையெழுத்து:

'9-ந் தேதி. வியாதிக்கு அஞ்சி வெளியே வந்து கதவை நானே பூட்டினேன். உள்ளே பதினொருவர். 10. கூப்பிடுகிறார்கள். 11. கூப்பிடுகிறார்கள். 12. இரண்டு குரல். 13. ஒன்றுமில்லை. திறந்தேன்.'

பக்கத்தைப் புரட்டினான். 'படித்தேன். காப்பேன்' என்ற வரியின் கீழ், வெவ்வேறு மையில் ஆறு கையெழுத்துகள். கடைசியாக இருந்தது ஏசுவடியானுடையது.

"திறப்பீங்கன்னு தெரியும். அதான் பூட்டாம வெச்சேன்."

ஏசுவடியான் வாசலில் நின்றிருந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"ஐயா, இது... இதை மலர்ல போட வேண்டாமுங்களா?"

"போட்டா முன்னூறு பேர் ஞாயித்துக்கிழமை எங்கே போவாங்க? நீங்கதான் எல்லாத்துக்கும் பதில் சொல்றவராச்சே. சொல்லுங்க."

எசேக்கியேலின் பார்வை அந்த ஆறு கையெழுத்துகளுக்குத் திரும்பியது.

"எனக்கு அப்புறம் இதைக் காக்க ஒரு ஆள் வேணும். திங்கட்கிழமை நான் எழுதித் தர்ற உங்க சிபாரிசுக் கடிதம் காலேஜுக்குப் போகணும், இல்லையா?" அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

அவர் அவசரப்படுத்தவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்து காத்திருந்தார். கடைசியில் எசேக்கியேல் கையெழுத்துப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, பழைய கதையையே எழுதிய மலரைச் சபையில் வாசித்தவனும் அவனே. குரல் தடுமாறவில்லை. அதுவே அவனைப் பயமுறுத்தியது. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது.

ஆராதனை முடிந்ததும், கோயிலைப் பெருக்கும் மல்லம்மா அவன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, எங்கம்மாவோட அஜ்ஜி, அவ பாட்டி, அந்தக் கொட்டாய்லதான் போனாங்க. தனியா கெடந்து செத்தாங்களோன்னு எங்கம்மா கடைசிவரைக்கும் அழுதா. உபதேசியார் கூடவே இருந்தாரா? அந்தக் காலத்துப் பொஸ்தகத்துல நீங்களே பாத்தீங்களா?"

அவளுக்குப் பின்னால் ஏசுவடியான் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேம்மா" என்றான் எசேக்கியேல். "கடைசிவரைக்கும் இருந்தாரு."

மல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே நின்ற தன் மகள்களிடம் அதைச் சொல்லப் போனாள்.