வட்ட நூலகத்தின் சுவர்

எங்கள் வீட்டில் அந்தப் பேராசிரியருக்குப் பெயர் தூண். படம் எடுத்தால் ஏதாவதொரு தூணில் சாய்ந்துதான் நிற்பார். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்களைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தின் பின்னட்டையிலும் அதே சாய்வு. முன்னட்டையில் அவர் பெயர் மட்டும். உள்ளே இருப்பதெல்லாம் என் அக்காவின் எழுத்து.

மணிக்கூண்டுக்கு ஏன் மறுபடி அஸ்திவாரம் போட்டார்கள், பட்டமளிப்பு மண்டபத்தின் உத்திரங்கள் எந்தக் கப்பலைப் பிரித்து எடுத்தவை, எல்லாம் அவள் தூசி தின்று கண்டுபிடித்தது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டி ஆயிற்றே என்று தூணிடம் கொடுத்தாள். "திருத்தித் தர்றேம்மா" என்று வாங்கியவர், தன் பெயரில் அச்சடித்தே விட்டார். அக்கா அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நாலு பேர் முன்னால் அந்த ஆளை நாறடிக்காமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டே இருந்தேன்.

வெளியீட்டு விழா வட்ட நூலகத்தில். அங்கே பராமரிப்புப் பொறியாளர் நான்தான். துணைவேந்தரையும் விருந்தினர்களையும் கிழக்குச் சுவரை ஒட்டி உட்காரவைத்தேன். பக்கத்தில் அக்கா. என்னைக் குனியவைத்துக் காதோடு கேட்டாள்.

"எதுக்குடி என்னை இங்க உட்கார வைக்கிற?"

"ஏழாவது அத்தியாயம் எழுதினவளுக்கு நான் சொல்லணுமாக்கும்?"

அந்தக் குவிமாடத்தின் கீழே சுவரோரம் கிசுகிசுத்தால், பேச்சு வளைவோடு ஓடி நேர் எதிரே இருப்பவர் காதில் விழும். ஏழாவது அத்தியாயம் முழுக்க அதுதான். அதைப் படித்தவன் எவனும் அந்தச் சுவரருகே வாய் திறக்கமாட்டான்.

"அடிப்பாவி!" என்றாள் அக்கா. ஆனால் எழுந்து போகவில்லை.

விழா மணி அடிக்கும்வரை உள்ளே யாரும் பேசக்கூடாது என்பது அந்த நூலகத்தின் வழக்கம். எல்லோரும் கப்சிப். தூண் உள்ளே வந்து, வழக்கம்போல, நேர் எதிரே மேற்குச் சுவரில் சாய்ந்து நின்றார். பூனைபோல அருகே போனேன்.

"சார், அக்கா பேரை ஒரு ஓரத்திலயாவது போட்டிருக்கலாமே?"

அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "எழுதினது அவதாம்மா, ஒரு வரி விடாம அவதான். யாரு இல்லேன்னா? அவ பேரைப் போட்டா எவன் சீந்துவான்? அதோ உட்கார்ந்திருக்காரே துணைவேந்தர், அந்த மண்டூகம் அட்டையைத் தாண்டிப் படிக்கும்னு நினைக்கிறியா?"

எதிர்ப்புறம் துணைவேந்தரின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. விருந்தினர் ஒருவர் சுவரையே வெறித்தார். பொய் சொல்வானேன், எனக்கு அடிவயிறு வரை குளிர்ந்தது.

அப்போது தூணின் காதருகே, சுவரிலிருந்து அக்காவின் குரல் நிதானமாகக் கேட்டது.

"சார், ஏழாவது அத்தியாயத்தை நீங்க படிக்கவே இல்லையா?"

தூண் துள்ளி விலகினார். முகத்தில் ஈயாடவில்லை. துணைவேந்தர் வெளியிட வைத்திருந்த பிரதியை அக்காவின் மடியில் வைத்து, தன் பேனாவை நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். முதலில் அட்டையிலிருந்த பெயரை அழுத்தி அடித்தாள். பிறகுதான் தன் பெயரை எழுதினாள்.