பதினேழாவது கட்டம்

என்னால் கட்ட முடியாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? இரண்டரை வருஷமாக மாதம் தவறாமல் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன். மூன்று வட்டி கட்ட முடிகிறவளுக்கு முக்கால் வட்டி கட்ட முடியாதா? எந்தப் பள்ளிக்கூடத்தில் இவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஜெயராணி இதை யாரிடமும் சொல்லவில்லை. சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பஸ்ஸில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடிதம் பையில், காலி டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. வீட்டு முகவரி கொடுத்தால் கணவன் சார்லஸ் பிரித்துவிடுவான் என்று பள்ளிக்கூட முகவரி கொடுத்திருந்தாள். மதியம் பியூன் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது எட்டாம் வகுப்பில் ஒளிச்சிதறல் நடத்திக்கொண்டிருந்தாள். வகுப்பு முடியும் வரை பிரிக்காமல் இருந்ததை எண்ணி இப்போது எரிச்சலாக இருந்தது. அந்த இருபது நிமிஷம் எவ்வளவு சந்தோஷமாகப் பாடம் நடத்தினாள்!

நாலே வரி, ஆங்கிலத்தில். தங்கள் வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள பொறுப்புகளையும் பார்க்கும்போது புதிய அட்டைக்கான தொகையைத் திருப்பிச் செலுத்தும் சக்தி தங்களுக்குப் போதாது என்று கருதுகிறோம். வருந்துகிறோம்.

புதிய தொகை என்று ஒன்று இல்லையே. பழைய கடன்தானே. ஒரு பேங்க் கார்டில் இருக்கிற ஐம்பத்தெட்டாயிரத்தை இன்னொரு பேங்க் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆறு மாசத்துக்கு முக்கால் வட்டிதான் என்று அவர்களே நோட்டீஸ் கொடுத்தார்கள். மகள் அனுப்பிரியாவைப் புதுச்சேரியில் நர்சிங் சேர்த்தபோது பணம் போதாமல் கார்டில் ரொக்கமாக எடுத்த கடன் அது. மாதம் மூவாயிரம் கட்டினால் ஆயிரத்துச் சொச்சம்தான் அசலில் குறைகிறது. நடுவில் இரண்டு தடவை மளிகைக்கு அந்தக் கார்டையே தேய்க்க வேண்டியிருந்தது. குறைந்தது திரும்ப ஏறிக்கொண்டது. இந்த நவம்பரில் மாற்றியிருந்தால் வரும் மே மாதத்துக்குள் கால்வாசியாவது தீர்ந்து, கார்டில் அந்த அளவுக்குத் திரும்ப எடுக்க இடம் வந்திருக்கும். ஜூனில் அடுத்த வருஷ ஃபீஸ். அது கட்டாவிட்டால் அனுப்பிரியா பரீட்சை எழுத முடியாது. ஜெயராணிக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். அதில் எங்கும் தப்பில்லை.

பஸ் சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது பெண்கள் எல்லோரும் வழக்கம்போல முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தியதிலிருந்து தினமும் இரண்டு வேளை இந்த வழிதான். சார்லஸ் வேலை பார்க்கிற கம்பெனியின் கேட்டைப் பார்த்தாள். ஆர்டர் இல்லை என்று ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இன்று அவனுக்கு இல்லாத நாள்.

வீட்டில் அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். கடிதத்தைக் காட்டாமல் இருக்க நினைத்தாள், முடியவில்லை. அவன் இரண்டு தரம் படித்தான். உன் சம்பளத்துக்கே இல்லையென்றால் வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம் நிஜமானது. அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் சம்பளம் என்றால் அவள் சம்பளம்தான். அவனுடையது வந்தால் உண்டு.

மறுநாள் சனிக்கிழமை. திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த கார்டு ஏஜென்சிக்குப் போனாள். அவளிடம் விண்ணப்பம் வாங்கிப் போன ஜெயப்பிரகாஷ் இருந்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. அவள் கடிதத்தை மேஜையில் வைத்ததும், தனக்குத் தெரியும் என்றான். உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலிலிருந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் போட்டான்.

"பதினேழாவது கட்டம் பாருங்க மேடம்."

பார்த்தாள். பிறருடைய கடனுக்கு ஜாமீன் கொடுத்திருந்தால் அதன் விவரம். கீழே அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் மூன்று வரிகள். ஞானசேகரன், ஓவிய ஆசிரியர், எண்பதாயிரம். தமிழ்ச்செல்வி, அலுவலக உதவியாளர், அறுபதாயிரம். சிங்காரம், ஆய்வக உதவியாளர், நாற்பதாயிரம்.

"எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். இந்தக் கட்டத்துல பேனா பட்டு நான் பாத்ததே இல்ல."

"கேட்டிருந்தாங்க, எழுதினேன்."

"கேப்பாங்க மேடம். அவுங்க கேக்கறதெல்லாம் எழுதினா யாருக்குக் கார்டு கெடைக்கும்?"

வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். காலியாக விட்ட பையனை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள். பதினேழாவது கட்டத்தை நிரப்பும்போது அவளுக்கு ஒரு நல்ல மாணவியின் திருப்திகூட இருந்தது.

"அது என் கடன் இல்லையே தம்பி. வாங்கினவங்க அவங்க."

"யார் வாங்கினாங்கன்னு பேங்க் பாக்காது மேடம். யார் கட்டணும்னுதான் பாக்கும். மூணும் சேத்து ஒண்ணு எம்பது. உங்க வீட்டு லோன் வேற தனியா கீது. கூட்டிப் பாருங்க. நானே குடுக்க மாட்டேன்."

அவன் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் ஆகும் என்றும், அப்போது இந்தக் கட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். ஆறு மாதம் கழித்து எதற்கு?

படியிறங்கும்போதே ஞானசேகரனுக்குப் போன் செய்தாள். அவர் மெடிக்கல் லீவில் போய் ஒன்பது மாதமாகிறது. லீவில் மனை விற்கிறார். சம்பளம் வராததால் அவருடைய தவணையை, கடன் கொடுத்த ஆசிரியர் சொசைட்டி ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிக்கிறது. இன்னொரு ஜாமீன்தாரர் ரிடையர் ஆகிவிட்டார். ஆகவே மாதம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதும் அவள் தலையில். போனில் அவர் எப்போதும்போல அன்பாகப் பேசினார். அனுப்பிரியா எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தார். அடுத்த மாசம் ஒரு மனை கிரயமாகிறது, மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன் டீச்சர் என்றார். போன மாதமும் அதே மனைதான்.

ராத்திரி சார்லஸிடம் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பரிட்ச பேப்பர்னு நெனச்சிட்டியா ராணி? அடிஷனல் ஷீட் வாங்கலயா?"

அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். பிறகு மெதுவாக, எழுதியது தப்பில்லை, கையெழுத்துப் போட்டாயே அதுதான் தப்பு என்றான். போடும்போது அவன் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. லோன் கிடைத்தவர் ஜாமீன் போட்டவர்களுக்குத் தனியாக அரைக் கிலோ ஸ்வீட் பெட்டி கொடுப்பது ஆசிரியர் அறையின் வழக்கம். மூன்று பெட்டிகள் இந்த வீட்டுக்கு வந்தன. மூன்றிலும் அவன் ஜாங்கிரி தின்றான்.

ஆனால் அவன் மேலே பழியைப் போட முடியவில்லை. படுத்துக்கொண்டு மேலே தளத்தைப் பார்த்தபோது, முதல் கையெழுத்து ஞாபகம் வந்தது. சிங்காரத்துக்குப் போட்டது. ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, 'டீச்சர் கையெழுத்துப் போட்டா செல்லும்னு சொன்னாங்க' என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். செல்லும். அந்த ஒரு சொல்லுக்காகவே போட்டாள்.

அவள் அப்பா சாமிக்கண்ணு முதுநகர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தவணையில் சைக்கிள் எடுக்க ஆசைப்பட்டார். மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் வேண்டும் என்றார் கடைக்காரர். ஏழு வயது ஜெயராணியையும் கூட்டிக்கொண்டு நாலு வீட்டுக்குப் போனார். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. ஒருவர் காபிகூடக் கொடுத்தார், வெளியே வைத்து. கடைசிவரை அப்பா வேலைக்கு நடந்துதான் போனார். அந்த மனுஷரின் மகளிடம் மூன்று பேர் வந்து ஜாமீன் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. அது இரக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இரக்கம் இல்லை. எதிரே நிற்பவர் கேட்கிறார், நான் கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன் என்ற சுகம். அந்தச் சுகத்துக்கு மாதம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

சும்மா ஒரு கையெழுத்துதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அது சும்மா இல்லை என்று அவளுக்குச் சொன்னது முகம் தெரியாத ஒரு பேங்க். அதுவும் அவள் கேட்டதைக் கொடுக்காமல் சொன்னது. ஊராரின் கடனுக்குச் செல்லுகிற கையெழுத்து சொந்தக் கடனுக்குச் செல்லவில்லை. யாரிடம் போய் இதைச் சண்டை போடுவது? தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிட்டு முடித்ததும் சௌந்தரம் டீச்சர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவளைவிட ஆறு வருஷம் மூத்தவர். அண்ணாமலை நகர் ஓரத்தில் சொந்த வீடு. மாடியில் இரண்டு அறை கட்டி யுனிவர்சிட்டிப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கொத்தனார் பேசியாகிவிட்டது, அறைக்கு ஆயிரத்தைந்நூறு வரும், சொசைட்டியில் ஒரு லட்சத்துக்கு லோன் போட்டிருக்கிறேன் என்றார். பேசிக்கொண்டே ஃபாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஜாமீன் என்ற இடத்தில் ஜெயராணியின் பெயரும் பதவியும் ஏற்கெனவே எழுதியிருந்தது. கையெழுத்துக்கு மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி.

ஐந்து வருஷத்துக்கு முன் ஜெயராணி வீட்டுக் கூரையைத் தளமாக்கக் கடன் வாங்கியபோது சௌந்தரம்தான் ஜாமீன். கேட்டு முடிப்பதற்குள் போட்டார். மழைக்காலத்தில் அந்தத் தளத்தின் கீழ் படுக்கும்போதெல்லாம் அவள் அதை நினைத்ததுண்டு.

அவள் ஃபாரத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினோரு நிபந்தனைகள். முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். இந்த அறையில் யாரும் அதைப் படித்ததில்லை. படிப்பது கேட்டவரை நம்பாததாகிவிடும். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிர்ந்தார்கள்.

"என்னடி படிக்கிற? கொஸ்டின் பேப்பரா?" என்று சௌந்தரம் சிரித்தார்.

ஜெயராணி நாலாவது நிபந்தனையில் இருந்தாள். கடன்தாரர் தவறும்பட்சத்தில், முழுத் தொகைக்கும். மூன்று தடவை இதற்குக் கீழே தன் பெயரை எழுதியிருக்கிறாள். பதினொன்றையும் முடித்துவிட்டுக் காகிதத்தை முன்பக்கம் திருப்பி வைத்தாள்.

"நான் போடல டீச்சர்."

சௌந்தரத்துக்கு முதலில் புரியவில்லை. பேனா இல்லையா என்று தன்னுடையதை நீட்டினார். அவள் வாங்காமல் இருக்கவும்தான் முகம் மாறியது.

"நான் கட்டமாட்டேன்னு நெனக்கிறியா?"

"நீங்க கட்டுவீங்க. எனக்குத் தெரியும்."

"அப்புறம் இன்னா? உன் வீட்டுத் தளத்துக்கு நான் போட்டேன். ஞாபகம் கீதா?"

"இருக்கு டீச்சர். அத நான் ஒரு மாசம்கூட விடாம கட்டிக்கினு வரேன்."

பேங்க் கடிதம் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். சௌந்தரம் 'அச்சச்சோ' என்பார், முதுகைத் தடவுவார், ஃபாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாளைக்குள் ஆசிரியர் அறை முழுக்க அவளுக்காக வருத்தப்படும். கோபமில்லாமல் எல்லாம் முடிந்துவிடும். ஜெயராணியின் கை கைப்பை வரை போனது. முடியாது என்று பேங்க் சொல்லிவிட்டது என்பதும், நான் மாட்டேன் என்பதும் ஒன்றில்லை. கையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். இனி தனக்கு ஒரு கடன் தேவைப்பட்டால் இந்த அறையில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. ஜூன் மாத ஃபீஸுக்கு என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

"யார்னா ஏதாவது சொன்னாங்களா என்னப் பத்தி?"

"யாரும் ஒண்ணும் சொல்லல டீச்சர்."

மணி அடித்தது. நோட்டுத் திருத்தியவர்கள் எழுந்து போனார்கள். சௌந்தரம் ஃபாரத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பழைய பிரியத்தோடு சொன்னார்.

"இன்னிக்கு உனக்கு ஏதோ மனசு சரியில்ல. யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

"நாளைக்கும் இதேதான் டீச்சர்" என்றாள் ஜெயராணி.