கூப்பிடு தூரம்

மூன்றாம் நாள் காலையில் நீலவேணியின் முழங்கால் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. மலைவிடுதிக் கட்டிலை விட்டு இறங்கி ஒரு அடி வைத்தவள், "ஐயோ அம்மா" என்று திரும்பக் குந்திவிட்டாள். புருசன் லெட்சுமணன் ஒரு பக்கம் நின்றான், அண்ணன் ஞானரட்ணம் மற்றப் பக்கம் நின்றான். இரண்டு பேரும் அவளுடைய முழங்காலைத்தான் பார்த்தார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை.

பார்த்து நாலு வருசம். ஞானரட்ணம் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஹோல் வாடகைக்கு எடுத்துச் செய்தபோது தங்கச்சி வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லவில்லை. விமானநிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, அந்தக் கிழமை முழுக்க டபிள் ஷிப்ட். போனில் சொன்னான். "ஊராருக்குக் கார்ட் கொண்டுபோய்க் குடுக்க நேரமிருக்கு, எனக்கு மட்டும் ரெலிபோனோ?" என்று லெட்சுமணன் வராமல் விட்டான். நீலவேணி தனியே வந்து, மாமி முறைக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, அழுத முகத்தோடு தோர்ண்டன் ஹீத் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அதற்கு முதல் மச்சான்மார் இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் முதுகு முறியப் பெட்டி ஏற்றின கூட்டாளிகள். லெட்சுமணனைத் தங்கச்சிக்குப் பேசிக் கட்டிவைத்ததே ஞானரட்ணம்தான். சண்டைக்குப் பிறகு லெட்சுமணன் அந்த வேலையையே விட்டு ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் போய்ச் சேர்ந்தான்.

போன வருசம் நீலவேணிக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்டி, மருந்தேற்றி, தலைமயிர் எல்லாம் கொட்டி, திரும்ப முளைத்தது. தெம்பு வரட்டும் என்று விம்பிள்டன் கொமன் புல்வெளியில் நடக்கிற பெண்களோடு சேர்ந்தவளுக்கு நடைப் பைத்தியம் பிடித்துவிட்டது. "ஓகஸ்ட்டிலை அல்ப்ஸ் மலையிலை அஞ்சு நாள் நடக்கப்போறன். வந்தால் ரெண்டு பேரும் வரவேணும். இல்லாட்டி ஒருதரும் வேண்டாம்" என்றாள். சாவின் வாசல் வரைக்கும் போய்வந்தவள் கேட்டால் யார் மாட்டேன் என்பது? வந்தார்கள். முதல் இரண்டு நாளும் அவள் நடுவில் நடந்தாள். "உன்ரை அண்ணையிட்டைத் தண்ணி இருக்கோ கேள்." "இருக்காம்." "உன்ரை புருசனைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லு." "மெதுவா நடக்கட்டாம்." மலை முழுக்க இதுதான் கதை.

"நான் கீழாலை பஸ்ஸிலை போய், கேபிள் காரிலை அடுத்த விடுதிக்கு ஏறுறன்" என்றாள் இப்போது. "நீங்களும் பேசாமல் என்னோடை வாங்கோவன்."

லெட்சுமணன் யன்னலைப் பார்த்துச் சொன்னான். "உன்ரை அண்ணை பஸ்ஸிலை போறாரெண்டால் நானும் வாறன்."

"எனக்கென்ன, நான் நடப்பன்" என்றான் ஞானரட்ணம் கட்டில் காலைப் பார்த்து. "ஏலாத ஆக்கள் பஸ்ஸிலை போகட்டும்."

"ஆருக்கு ஏலாதாம்?"

"கடவுளே! நடந்து துலையுங்கோ ரெண்டு பேரும்" என்றாள் நீலவேணி. பைகளை இழுத்து வைத்துப் பிரித்தாள். வரைபடத்தைப் புருசனிடம் கொடுத்தாள். சாப்பாட்டையும் தண்ணீரையும் அண்ணனின் பையில் திணித்தாள். "வழி ஒருதனிட்டை, சோறு மற்றவனிட்டை. எவ்வளவு நேரத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறியள் எண்டு பாப்பம்."

விடுதிக்காரி வாசலில் வந்து நின்று மறித்துச் சொன்னாள். மத்தியானத்துக்கு முதல் கணவாயைத் தாண்டிவிட வேண்டும், பிறகு இடி வரும். அந்தப் பக்கச் சரிவில் போன குளிர்காலத்துப் பனி இன்னும் கரையவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ற் அடித்த கற்களைப் பார்த்துப் போக வேண்டும். முக்கியம், ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது. இருவரும் தனித்தனியாகத் தலையாட்டினார்கள்.

லெட்சுமணன் முன்னுக்கு, ஞானரட்ணம் பின்னுக்கு. இடையில் ஒரு கிரிக்கெட் பிச் அளவு தூரம். முன்னுக்குப் போகிறவன் நின்றால் பின்னுக்கு வருகிறவனும் நின்றான். கிட்டப் போனால் ஏதாவது சொல்லவேண்டி வரும். பைன் மரங்கள் முடிந்து, புல் முடிந்து, வெறும் கல்லாகிவிட்ட பிறகும் அந்தத் தூரம் குறையவில்லை.

பசி வந்தது. ஞானரட்ணம் ஒரு தட்டைக் கல்லில் பாணையும் சீஸையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் வைத்துவிட்டு, அப்பால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். திரும்பிப் பார்த்தபோது சாப்பாடு போயிருந்தது. பாணின் காய்ந்த ஓரத்தை மட்டும் லெட்சுமணன் பிய்த்துக் கல்லில் வைத்திருந்தான். அந்தப் பழக்கம் இன்னும் மாறவில்லை, நாய்க்குப் பிறந்தவனுக்கு. ஞானரட்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கினான்.

கணவாயில் ஏறி நின்றபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வீம்புக்கு மெதுவாக நடந்ததில் வந்த தாமதம் அது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி அடுப்புப் புகை மாதிரி ஏறி வந்தது. ஒரு நிமிசம் முன்னால் நின்ற மலை அடுத்த நிமிசம் இல்லை. தூரத்தில் இடி உருண்டது. ஞானரட்ணம் முதல்முறையாகப் பயந்தான். முன்னுக்குப் போகிற சிவப்பு ஜக்கெற் மறைந்து மறைந்து தெரிந்தது. எட்டி நடந்து தூரத்தைக் குறைத்தான்.

சரிவில் இறங்கினதும் பனி. அழுக்கேறின, இறுகின பனி, செங்குத்தாகக் கீழே போய் மூடுபனிக்குள் முடிந்தது. அதற்குக் கீழே எங்கோ தண்ணீர் பாறையில் விழுகிற சத்தம். பழைய காலடித் தடம் ஒன்று இடப்பக்கமாகப் பனியில் இறங்கியது. லெட்சுமணன் வரைபடத்தை விரித்தான், மடித்தான், அந்தத் தடத்தில் காலை வைத்தான்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி கிழிந்தது. வலப்பக்கம், மேலே, ஒரு பெரிய கல்லில் சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று தெரிந்தது. பாதை அது. லெட்சுமணன் போகிறது பாதை இல்லை.

ஞானரட்ணம் வாயைத் திறந்தான். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுகிறது? மச்சான் என்றா? நாலு வருசம் விழுங்கி வைத்த சொல். முதலில் கூப்பிட்டவன் தோற்றவன். இன்னும் ரெண்டு அடி போனால் தானே கண்டு திரும்புவான் என்று மனம் சொன்னது. கைத்தடியால் பாறையில் டக் டக்கென்று தட்டினான்.

லெட்சுமணன் திரும்பிப் பார்த்தான். கெதியாப் போ என்று மாட்டை விரட்டுகிற மாதிரித் தட்டுகிறான் என்றுதான் அவன் எடுத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாக அடி எடுத்து வைத்தான்.

சப்பாத்துக் கால் வழுக்கியது. ஆள் குந்தினபடியே சறுக்கிக்கொண்டு போனான், பிறகு படுத்தபடி போனான். வரைபடம் பறந்தது. பனிக்குள்ளிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் மோதி நின்றான். இன்னும் ஒரு ஆள் நீளம் போயிருந்தால் தண்ணீர் விழுகிற இடம்.

ஞானரட்ணம் கத்தல் வரும் என்று காத்துநின்றான். வரவில்லை. கீழே கிடந்தவன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். வாய் இறுகப் பூட்டியிருந்தது. செத்தாலும் கூப்பிடமாட்டான் போலிருந்தது.

"மச்சான்!" தன் குரல் அது என்று ஞானரட்ணத்துக்கே தெரியவில்லை. "அசையாதை! அப்பிடியே கிட!"

"கிடக்காமல் எங்கை போறது?" என்று கீழேயிருந்து வந்தது.

பையைக் கழற்றி எறிந்துவிட்டு, கைத்தடியை இடுப்பில் செருகி, பனிக்கு முகத்தைக் கொடுத்து, சப்பாத்து நுனியால் குத்திக் குத்திக் குழி பறித்து இறங்கினான். ஒரு காலை ஊன்றிப் பார்த்து, பிறகு மற்றக் காலை. விரல்கள் விறைத்து மரக்கட்டையாகின. ஆலங்கட்டி மழை தொடங்கிப் பிடரியில் அடித்தது. கிட்டப் போனபோது லெட்சுமணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. வலது கை மணிக்கட்டு பிழையான பக்கம் திரும்பிக் கிடந்தது.

"கண்டனீ" என்றான் லெட்சுமணன்.

"எதை?"

"குறியை. அதுதானே தட்டினனீ."

ஞானரட்ணம் மப்ளரை அவிழ்த்து அவனுடைய கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினான்.

"உன்னைத்தான் கேக்கிறன். கண்டனீயோ இல்லையோ?"

"கண்டனான்."

"வாயுக்குள்ளை என்ன, கொழுக்கட்டையே வைச்சிருந்தனீ?"

"நீ மட்டும்? விழுந்து கிடக்கேக்கை ஒரு சத்தம் போட்டனீயே?"

"பிழை விட்டவன் நீ. நான் ஏன் கூப்பிடவேணும்?"

"விசர்க்கதை கதையாதை. என்ரை தோளிலை காலை வை. அந்தக் குழியிலை மற்றக் காலை வை. இடக்கையாலை தடியைப் பிடி."

"மெதுவாத் தள்ளடா, இது பெட்டியில்லை."

"பெட்டியெண்டால் வாய் காட்டாது."

ஒரு குழி ஏறினார்கள். நின்று மூச்சு வாங்கினார்கள். இன்னொரு குழி. மின்னல் வெட்டியபோது இரண்டு பேரும் பனியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். பாதி ஏறினதும் லெட்சுமணனின் கண் செருகியது. காலில் பிடிப்பு விட்டது. முழுப் பாரமும் ஞானரட்ணத்தின் தோளில் இறங்க, ஊன்றியிருந்த குழியின் விளிம்பு உடைந்து கீழே சிந்தியது.

"டேய்! கதையடா! ஏன்ரா என்ரை பிள்ளையின்ரை சாமத்தியவீட்டுக்கு வராமல் விட்டனீ? சொல்லடா!"

கண் திறந்தது. "போனிலை... போனிலை சொன்னனீ."

"அதுக்காண்டி? மாமா எங்கை, மாமா எங்கையெண்டு பிள்ளை வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டவள். அவள் என்னடா செய்தவள்?"

"நீ ஒருக்கா வீட்டை வந்து... வாடா எண்டு சொல்லியிருந்தால், கட்டின சாரத்தோடை வந்திருப்பன்" என்றான் லெட்சுமணன். பல் கிட்டியது. ஆனால் கோபத்தில் கால் ஊன்றியது. அடுத்த குழியில் ஏறினான்.

பெயின்ற் அடித்த கல்லில் கை பட்டபோது இருவரும் அதைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார்கள். பிறகு நடந்தார்கள், ஒருவன் ஜக்கெற்றை ஒருவன் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகத் தேடி. மழை ஓய்ந்து கீழே அடுத்த விடுதியின் கூரை தெரிந்ததும் லெட்சுமணன் நின்றான்.

"நீ குறியைக் கண்டதை அவளுக்குச் சொல்லாதை. மூடுபனியிலை ஒருதருக்கும் ஒண்டும் தெரியேல்லையெண்டு சொல்லுவம். இப்பதான் உடம்பு தேறி வாறாள்."

ஞானரட்ணம் தலையாட்டினான்.

நீலவேணி நொண்டி நொண்டி முற்றத்துக்கு வந்துவிட்டாள். கையைப் பார்த்தாள். "என்ன நடந்தது? எங்கை விழுந்தனீங்கள்?"

"பாறையிலை" என்றான் லெட்சுமணன்.

"பனியிலை" என்றான் ஞானரட்ணம், அதே நேரத்தில்.

அவள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். லெட்சுமணன் எதையோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தான். ஞானரட்ணம் முந்தினான். "அவன் பிழையான வழியிலை போறதைக் கண்டனான், தங்கச்சி. கூப்பிடேல்லை. அதாலைதான் விழுந்தவன்."

"எவ்வளவு தூரத்திலை நிண்டனீங்கள்?"

"கூப்பிட்டால் கேக்கிற தூரம்."

அவள் அண்ணனுக்கு முதுகைத் திருப்பினாள். புருசனைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். விடுதிப் பொடியன் இரண்டு பலகைத்துண்டு வைத்துக் கையைக் கட்டிவிட்டு, காலையில் முதல் கேபிள் காரில் டொக்டரிடம் இறக்கலாம் என்றான். நீலவேணி ஒரு கோப்பை சூப் எடுத்துவந்து புருசனுக்கு முன்னால் வைத்தாள். ஒன்றுதான் எடுத்துவந்தாள். பிறகு போய் அடுப்படிப் பக்கம் இருந்துகொண்டாள்.

ஞானரட்ணம் வாசலில் கிடந்த மர வாங்கில் ஈரச் சப்பாத்தோடு இருந்தான். எழும்பிப் போகவும் தெரியவில்லை, உள்ளே போகவும் தெரியவில்லை.

"டேய்" என்றான் லெட்சுமணன் மேசையிலிருந்து. "இடக்கையாலை எனக்குக் குடிக்க ஏலாது. வந்து பிடி."

ஞானரட்ணம் போய் முன்னால் குந்தினான். கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி அவனுடைய வாயில் வைத்தான். அவசரத்தில் கோப்பையைக் கூடுதலாகச் சரித்தான். சூப் தளும்பி லெட்சுமணனின் நாடியில் வழிந்தது.

"சுடுதடா" என்றான் லெட்சுமணன். "ஒழுங்காப் பிடி."

ஞானரட்ணம் இறுக்கிப் பிடித்தான்.