உள்ளங்கையின் காலம்

உலக வரலாற்றில் உள்ளங்கையின் காலம் முடிந்துவிட்டது என்று முதாசிர் அறிவித்தபோது, அவனுடைய அம்மா அக்தர் பேகம் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அறிவிப்பு அவளுக்காகத்தான். சூட்டை அளக்க சென்சார் வந்துவிட்ட பிறகும் ஒரு கம்ப்யூட்டரைக் கையால் தொட்டுப் பார்ப்பவர்கள், தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்பத் தயாராக நிற்கும்போது தண்டவாளத்தோரமாக நடந்தே பீச் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் என்று அவன் மேலும் விளக்கினான். காட்டாங்குளத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறவன் சொன்னால் அதில் விஷயம் இருக்கத்தான் செய்யும். அக்தர் பேகம் ஒரு கத்திரிக்காயைப் பிளந்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றானதும் தண்ணீரில் போட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இதுதான். ஹாலைப் பெருக்கிக்கொண்டு வந்தவள், மேஜைக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்த சி.பி.யூ. பெட்டியின் மேல் போகிற போக்கில் உள்ளங்கையை வைத்தாள். நம்பிக்கை வராமல் கையைத் திருப்பிப் புறங்கையை வைத்தாள். பிள்ளைகளின் நெற்றியில் இருபது வருஷமாக வைத்துப் பழகிய அதே கை. காய்ச்சல் அடிக்கிறது என்று முடிவு செய்து, சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் துடைப்பத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். முதாசிர் அப்போது பாத்ரூமில் இருந்தான். கம்ப்யூட்டரில் அவன் பாதி அடித்து வைத்திருந்த லேப் ரெக்கார்டு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அம்மா, உள்ள மதர்போர்டு இருக்கு. அதையெல்லாம் நீ தொடக்கூடாது," என்றான்.

"பேர்லயே மதர்னு போட்டிருக்கு. நான் தொடாம வேற யார்றா தொடுவா?"



அந்தப் பெட்டியின் உறுமலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதாசிரும் அவனோடு படிக்கும் மோகன்ராஜும் ஒரே நாளில் ரிச்சி தெருவுக்குப் போய், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு மதர்போர்டு வாங்கி ஆளுக்கொரு கம்ப்யூட்டர் சேர்த்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே குறை. பிராசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனுக்கு ஒரே ஒரு வேகம்தான் தெரியும். கம்ப்யூட்டர் பரீட்சை எழுதினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, அது உச்சத்தில்தான் ஓடும். சேலையூரில் தலைக்கு மேலே விமானப்படை விமானம் பழகிக்கொண்டிருப்பது வழக்கமென்பதால், ஃபோனில் பேசும் உறவினர்கள் என்ன ப்ளேன் போகிறதா என்று கேட்பார்கள். இல்லை, தம்பி படிக்கிறான் என்று அக்கா கைனாத் சொல்வாள்.

அந்த உறுமலில் அடிபட்டவளும் கைனாத்தான். அவளுக்கு ரேடியோவில் பேச ஆசை. கல்லூரி முடித்ததிலிருந்து, மிக்ஸி ஓடும்போதுகூட நேயர்களே என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். சென்னையில் புதிது புதிதாக எஃப்.எம். ஸ்டேஷன்கள் முளைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு ஸ்டேஷனுக்குத் தன் குரலைப் பதிவு செய்து சி.டி. அனுப்பினாள். அங்கிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டு, குரல் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் ஏன் மாவு மில் ஓடுகிறது என்று கேட்டாள். சனிக்கிழமை காலைக்குள் சத்தமில்லாமல் ஒன்று கொடுத்தால் எடுத்துக்கொள்வோம், அதற்கு மேல் ஆள் தேர்வு முடிந்துவிடும் என்றும் சொன்னாள்.

கோடம்பாக்கம் பக்கம் போய் ஸ்டுடியோவில் பதிவு செய்ய அத்தாவிடம் பணம் கேட்கலாம். அப்பாவிடம் காசு கேட்கிற பழக்கம் கைனாத்துக்கு இல்லை. கம்ப்யூட்டரை மெத்தையால் மூடிவிட்டுப் பேசட்டுமா என்று தம்பியிடம்தான் கேட்டாள்.

"ஏன், அதுக்குக் குளிருதா?" என்றான் முதாசிர். பிறகு, நோயை விட்டுவிட்டு நோயாளிக்குப் போர்வை போர்த்துகிற குடும்பத்தில் தான் ஏன் பிறந்தோம் என்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினான். கடைசியில், பயாஸையே மாற்றி எழுதப் போகிறேன் என்றான்.

அவன் வெறும் வாயால் சொல்லவில்லை. டார்ச் அடித்து போர்டை ஓரம் ஓரமாகப் பார்த்ததில், மூலையில் ஒரு குட்டி சிப் அகப்பட்டது. அதன் மேலிருந்த எண்ணை பிரௌசிங் சென்டரில் போட்டுத் தேடியபோது, ஃபேன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதற்குத் தெரியும் என்று தெரிந்தது. இதே கம்பெனியின் விலை கூடிய போர்டில் இதே சிப் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. விலை குறைந்த போர்டில் சிப்பை வைத்துவிட்டு, பயாஸில் அதற்கான பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டார்கள். பிரியாணிக்கு தம் போட்டுவிட்டு தேக்சாவைத் திறக்காமலே பந்தியை எழுப்பிவிட்ட மாதிரி. முதாசிர் இதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டான்.

பயாஸ் என்றால் என்ன என்று அக்தர் பேகம் கேட்டாள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது, அதற்கப்புறம்தான் மற்ற வேலை எல்லாம் என்றான்.

"நாம பிஸ்மி சொல்ற மாதிரியா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கயேன்."

"அதுல போயி கை வைப்பாங்களாடா?"

வைத்தான். வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து வந்ததும் வைத்தான். மறைந்திருந்த பக்கத்தைத் திறந்துவிட்ட புதிய பயாஸை, பயாஸ் குடியிருக்கும் இன்னொரு சிப்பில் எழுதினான். எழுதி முடிக்கும்வரை கரண்ட் போகக்கூடாது. கைனாத் மெயின் ஸ்விட்சுக்குக் கீழே காவல் நின்றாள், கரண்ட் அந்த வழியாகத்தான் வெளியே போகும் என்பது போல. கரண்ட் போகவில்லை. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான்.

திரை கறுப்பாக இருந்தது. கீபோர்டில் விளக்கு இல்லை, ஒரு பீப் இல்லை. ஃபேன் மட்டும் முன்னைவிட உற்சாகமாக ஓடியது. முதாசிர் ஒயரைப் பிடுங்கிச் சொருகினான், போர்டிலிருந்த குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டினான், எதிர்வீட்டுப் பட்டாபிராமன் சார் டி.வி.யைத் தட்டுவது போல ஒரு தட்டும் தட்டினான். அக்தர் பேகம் வந்து குனிந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"சில்லுன்னு இருக்குடா. உன் வைத்தியம் கேட்டுடுச்சு."

கைனாத் திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எதிலும் இணைக்காத மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுதிவைத்ததைச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதாசிர் மோகன்ராஜுக்கு ஃபோன் செய்தான்.

மோகன்ராஜ் கோவளத்துக்காரன். வெள்ளிக்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, பஸ் மாறி மாறி காலையிலேயே வந்து சேர்ந்தான். சிப்பை மட்டும் பிடுங்கத் தைரியம் இல்லாமல் போர்டையே கழற்றி எடுத்து வந்திருந்தான். சுற்றியிருந்த பாலித்தீன் பை, சந்தையில் அவன் அம்மா அங்காளம்மா இறால் கட்டிக் கொடுக்கும் பை. மதர்போர்டு அந்த வாசனையோடு வந்தது.

"இன்னா மச்சான்," என்றான், செத்த பெட்டியைச் சுற்றி வந்து. "நெத்திலிக்குப் போயி வலையவே கடல்ல வுட்டுட்டு வந்து நிக்கிற."

தப்பு எங்கே என்று முதாசிர் ராத்திரியே கண்டுபிடித்திருந்தான். பயாஸின் கடைசியில், உள்ளே இருப்பது எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண் வைத்திருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டவன் அந்தக் கூட்டுத்தொகையைத் திருத்த மறந்துவிட்டான். கணக்கு உதைத்ததால் பயாஸ் எழுந்திருக்க மறுத்தது. திருத்தி மறுபடி எழுத வேண்டியதுதான். ஆனால் எழுதுவதற்குக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும், ஓடுவதற்கு பயாஸ் வேண்டும். அதற்குத்தான் மோகன்ராஜின் சிப். அதை வைத்து ஓடவிட்டு, கண் விழித்த பிறகு பயாஸ் தேவைப்படாது என்பதால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கி, அதே குழியில் செத்த சிப்பை வைத்து எழுத வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் டிரைவரை மாற்றுகிற வேலை. நடுவில் கை நடுங்கினால் இரண்டு வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்காது.

சிப்பைப் பிடுங்கத் தனியாக ஒரு கருவி உண்டு. அது இவர்களிடம் இல்லை. கைனாத் தலைத்துணியில் குத்தியிருந்த இரண்டு பின்களை எடுத்துத் தந்தாள். மோகன்ராஜ் அவற்றைப் பல்லால் கடித்துத் தூண்டில் முள் போல வளைத்தான். இருபுறமும் கொக்கி மாட்டி, முதாசிர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். சிப் வெளியே வந்தது. கம்ப்யூட்டர் கவனிக்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. செத்ததை வைத்து அழுத்தி, எழுதி, அணைத்து மறுபடி போட்டார்கள்.

திரை வெளுத்தது. பயாஸில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு பக்கம் இருந்தது. ஃபேன் வேகம் என்று அதில் ஒரு வரி இருந்தது. முதாசிர் அதைக் கீழே இறக்கி என்டர் தட்டினான்.

உறுமல் அடங்கியது. வருஷக்கணக்கில் கேட்காத சத்தமெல்லாம் ஹாலுக்குள் வந்தது. சுவர்க் கடிகாரம், கொல்லைக் குழாய் சொட்டுவது, கேம்ப் ரோட்டில் ஒரு பஸ். சமையலறையிலிருந்து அக்தர் பேகம் கேட்டாள்:

"கரண்ட் போயிடுச்சா?"

முதாசிர் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய பட்டம் அதுதான். அதை அனுபவித்துக்கொண்டிருந்தபோது மோகன்ராஜ் திரையில் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினான். சூடு, நூற்றிருபத்தேழு டிகிரி என்று இருந்தது. பெட்டி ராத்திரி முழுக்க அணைந்து கிடந்து அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. இவ்வளவு சூட்டில் அது கம்ப்யூட்டராகவே இருக்க முடியாது. இரண்டு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே தேடினார்கள். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளிப் பொட்டு மட்டும் பளபளத்தது. கம்பெனி மெனுவை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. சென்சாரை வைக்கவே இல்லை.

ஆகவே தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உதவாது. ஃபேனைக் குறைத்தே வைக்கலாம், ஆனால் சூடு ஏறினால் சொல்ல ஆள் இல்லை. அளவுக்கு மீறிச் சூடானால் பிராசஸர் வெளியே சொல்லாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே வைத்திருக்கும் ஏற்பாட்டால் மொத்தத்தையும் அணைத்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை அணைத்தும் காட்டியது. கைனாத் பேசிக்கொண்டிருக்கும்போது இப்படி அணைந்தால் பதிவு போச்சு.

விண்டோஸுக்குள்ளிருந்தே வேகத்தை மாற்ற ஒரு சின்ன புரோகிராம் போட்டான் முதாசிர். சூடு ஏறுகிறபோது அவள் பேச்சை நிறுத்தினால், ஃபேனைக் கொஞ்சம் ஓடவிட்டுத் தணித்துக்கொள்ளலாம். ஏறுவது எப்படித் தெரியும் என்பதுதான் பாக்கி.

"எங்கம்மா மீனு எடுக்கசொல்ல இன்னா பண்ணும்?" என்றான் மோகன்ராஜ். "தொட்டுப் பாக்கும். தொட்டுப் பாரு."

"சென்சார் இல்லாம எப்படிடா?"

"கை கீதே மச்சான். அஞ்சு வெரலும் கம்பெனியே குடுத்தது."

உள்ளங்கையைப் பற்றித் தான் வெளியிட்டிருந்த அறிவிப்பை முதாசிர் அவனுக்கும் ஒரு முறை எடுத்துச் சொன்னான். மோகன்ராஜ் மரியாதையாக முழுவதும் கேட்டான். ஜும்மா தொழுகை முடிந்து வந்த முதாசிரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தன் போர்டை அதே பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கோவளத்துக்கு பஸ் ஏறினான்.

மூன்று மணிக்கு மேல் சேலையூர் தூங்கும். விமானம்கூட இறங்கிவிடும். கைனாத் நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே மெத்தைவிரிப்பைப் போர்த்தி, மைக்கோடு அதற்குள் புகுந்தாள். நான் ஒரு தடவைக்கு மேல் நல்லா பேசமாட்டேன், பார்த்துக்கோ என்று உள்ளேயிருந்து சொன்னாள். அது மிரட்டல் இல்லை. சின்ன வயதிலிருந்தே எதிலும் அவளுடைய முதல் தடவைதான் சரியாக இருக்கும்.

முதாசிர் ஃபேனைக் குறைத்தான். வீடு அடங்கியது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை முன்பே கழற்றி வைத்திருந்தான், காற்றோட்டத்துக்காக. திரையில் நூற்றிருபத்தேழு அசையாமல் நின்றது.

"வணக்கம் சென்னை," என்றது விரிப்பு. "சாயங்காலக் காத்து இப்பத்தான் பல்லாவரம் தாண்டி உங்க ஜன்னலுக்கு வந்துக்கிட்டிருக்கு. ஜன்னலைத் திறந்து வைங்க, நானும் கூடவே வர்றேன்."

நன்றாகத்தான் பேசினாள். அக்கா என்பதால் அவன் இதுவரை சரியாகக் கேட்டதில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போக, முதாசிர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு தரையில் மண்டிபோட்டு, பெட்டிக்குள் கையை விட்டு, பிராசஸரின் மேலிருந்த அலுமினியத்தின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தான்.

இளஞ்சூடு. பேசலாம். விரிப்புக்குள் அவள் காட்டாங்குளத்தூர் மாணவர்களுக்கு ஒரு கிண்டல் சொன்னாள். கொஞ்சம் ஏறியது. இன்னும் பேசலாம். அவளுடைய மூச்சு எங்கே நிற்கிறது, அடுத்த வாக்கியம் எங்கே எழும்புகிறது என்பதும் அந்த அலுமினியத்தில் தெரிவதுபோல அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

தூக்கக் கலக்கத்தோடு அக்தர் பேகம் வாசற்படியில் வந்து நின்றாள். விரிப்பைப் பார்த்தாள். மகனின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பதிவு நடக்கிறது என்று புரிந்து வாயைத் திறக்காமல், எப்படி இருக்கிறது என்று புருவத்தால் மட்டும் கேட்டாள்.

முதாசிர் உள்ளங்கையை எடுத்து, சத்தம் வராமல் கையைத் திருப்பி, புறங்கையை வைத்துப் பார்த்தான்.