சுண்டுவிரல் இல்லாத கால்

எட்டு வருஷமாக ராணி வால்புர்கா ஒரு காலைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆளின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. இடது காலில் சுண்டுவிரல் இல்லை, அது மட்டும் தெரியும்.

ஜெர்மன் தேசத்திலிருந்து லிஸ்பன் அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குத் தலைப்பிரசவம். மூன்று நாள் வலி. பிள்ளையை யாரும் மாற்றிவிடக் கூடாதென்று அறை நிறையப் பிரபுக்கள் சாட்சிக்கு நின்றார்கள். ராணி முகம் சுளிப்பதை அவர்கள் பார்க்கக் கூடாதாம், அதற்காக அவள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். வைத்தியர்கள் கையை விரித்தார்கள். மடத்திலிருந்து ஒரு புனிதரின் இடைக்கச்சையைக் கொண்டுவந்து வயிற்றில் கட்டியும் ஆகவில்லை. கடைசியில் யாரோ ஆற்றங்கரையிலிருந்து ஒரு மருத்துவச்சியைக் கூட்டிவந்தார்கள். அவள் வழுக்காமல் நிற்கச் செருப்பைக் கழற்றினாள். பிரசவ நாற்காலியில் குனிந்திருந்த ராணிக்குத் துணிக்குக் கீழே அந்தக் கால் மட்டும் தெரிந்தது.

“வாய விட்டுக் கத்து தாயி. வலிக்கிறவ கத்தாம வேற யாரு கத்துவா?”

கத்தினாள். பிள்ளை பிறந்தான். பெருமையெல்லாம் கச்சைக்குப் போயிற்று, தலைமை வைத்தியர் கழுத்தில் தங்கச் சங்கிலி விழுந்தது. மருத்துவச்சியைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். ராணி ஜன்னியில் நாற்பது நாள் கிடந்து எழுந்து விசாரித்தபோது, அவள் யார், எந்தத் தெரு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நன்றிகெட்ட ஜென்மங்கள்.

ராணி நினைத்தபோது தெருவில் இறங்கித் தேட முடியுமா? ஆனால் வருஷம் தவறாமல் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, பன்னிரண்டு ஏழைக் கிழவிகளின் காலைக் கழுவி, முத்தமிட்டு, தன் கையாலேயே மீனும் ரொட்டியும் பரிமாறுவது ராணியின் கடமை. மற்ற ராணிகள் அதை எப்போது முடியும் என்று செய்திருப்பார்கள். இவள் யாரிடமும் காரணம் சொல்லாமல் ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டே செய்தாள். எட்டு வருஷத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கிழவிகள். எல்லாருக்கும் பத்து விரல்.

இந்த வருஷமும் பதினோராவது கிழவியின் காலைத் துடைக்கும்போது, ஏழைகளின் கால் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

கிழவி சிரித்தாள். “இருக்காம என்ன? உங்க ஆளுங்க ரெண்டு தடவ தேய்ச்சுக் கழுவி, வெரல எண்ணிப் பாத்துல்ல உள்ள விட்டாங்க! கொறஞ்சவளுக்கெல்லாம் வாசலோட சரி.”

ராணியின் கையிலிருந்த துண்டு நழுவியது. அந்தப்புரத் தலைவி தோனா கிரிமனேசா பெருமையோடு முன்னால் வந்தாள். அழுகல் கால், மொண்டிக் கால் ஒன்றைக்கூட இத்தனை வருஷத்தில் ராணியின் கண்ணில் படவிட்டதில்லையாம். தானே நின்று பொறுக்குகிறாளாம்.

 ராணி தண்ணீர்ச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பாதித் தண்ணீர் பாவாடையில் கொட்டியது. பிஷப் முதற்கொண்டு எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மிச்ச ரொட்டிக்காக வாசற்படியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராணி முகங்களைப் பார்க்கவில்லை. மூன்றாவது ஆளின் காலருகே அப்படியே மண்டியிட்டாள். சேறு அப்பிய கால். நான்கு விரல்.

“ஒவ்வொரு வருஷமும் வந்தீங்களா?”

“வந்தேன் தாயி. இந்தக் காலப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிருவாங்க.” அவள் பெயர் ஜெர்வாசியா. தன் கன்னத்தில் கையை வைத்தபடி ராணியையே பார்த்தாள். “சோத்துக்குன்னு நெனைக்காத. அன்னிக்கு ஒன் மொகத்த மூடி வச்சிருந்தாங்க. பெத்தவ மொகத்தப் பாக்காம நான் எந்த வீட்டவிட்டும் போனதில்ல. அதான் மனசு கேக்கல.”

ராணி அந்தக் காலைக் கழுவினாள். தண்ணீர் கறுத்தது. நீங்கள் இல்லையென்றால் நானும் இல்லை, என் பிள்ளையும் இல்லை என்று சொல்லத்தான் எட்டு வருஷம் காத்திருந்தாள். ஆனால் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. தோனா கிரிமனேசா அவசரமாக ஒரு கைக்குட்டையை எடுத்து ராணியின் முகத்தை மறைக்க நீட்டினாள்.

ஜெர்வாசியா அதைத் தட்டிவிட்டாள்.

“மூடாதீங்கம்மா,” என்றாள். “நான் இன்னும் பாத்து முடிக்கல.”